மூன்றாம் மாடிக்காரி

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, எல்லாரும் கை கழுவிக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்து, ஹலோ அத்தனை பேரையும் வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கூப்பிட்டான். துப்புரவு வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் அவன். தொற்று அடங்கி, பல்கலைக்கழகம் கால்வாசி திறந்தபோது புதிதாக வந்தவன். போன் வந்தாலும் ஹலோ, வராவிட்டாலும் ஹலோ, மூக்குக்கு நேரே நிற்கிற ஆளைக் கூப்பிடவும் ஹலோ. பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, வேலைக்காரர்கள் வைத்த பெயர் அதுதான்.

"ஹலோ, எல்லாரும் கேட்டுக்குங்க. திங்கட்கிழமையிலேருந்து அத்தனை பிள்ளைங்களும் தினமும் வராங்க. ஒத்தை நம்பருக்கு ஒரு நாள், ரெட்டை நம்பருக்கு ஒரு நாள்ங்கிற கதையெல்லாம் முடிஞ்சுது. மாஸ்க்கும் வேண்டாம்னுட்டாங்க. இன்னொண்ணு. உங்க பழைய கார்டு இனிமே செல்லாது. புதுசா போட்டோ எடுக்கணும். வாசல்ல மிஷின் வைக்கிறாங்க. மூஞ்சியக் காட்டினாத்தான் கேட்டு திறக்கும்."

"எங்க மூஞ்சியப் பாத்து மிஷின் பயந்துட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பயந்தா மிஷின் ரிப்பேருக்குப் போகும், நீங்க வீட்டுக்குப் போவீங்க. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் போட்டோ எடுப்பேன். அதுக்குள்ள எடுக்காதவங்க பேரு லிஸ்ட்ல இருக்காது. ஹலோ... ஆங், சொல்லு, ஹலோ..." என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

எல்லாரும் சிரித்தபடி கலைந்தார்கள். மூன்றாம் மாடிக்காரி சிரித்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. முகமூடிக்குள் சிரித்தாளா முறைத்தாளா என்று யார் கண்டது?

அவள் கழுத்தில் தொங்கிய கார்டில் ஒரு பெயர்தான் இருந்தது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தது இரண்டு பேர்.

பன்னிரண்டு வருஷமாகக் கணக்குத் துறைக் கட்டடம் அவள் பொறுப்பு. கீழே ஆபீஸ் அறைகள், முதல் இரண்டு மாடிகளில் சின்ன வகுப்புகள், மூன்றாம் மாடியில் முந்நூறு பேர் உட்காரும் பெரிய கூடம். லிஃப்ட் உண்டு, ஆனால் அது புத்தகம் சுமக்கிறவர்களுக்கு, வாளி சுமக்கிறவர்களுக்கு இல்லை. போதாக்குறைக்கு மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. இரண்டாம் மாடியில் பிடித்து மேலே தூக்க வேண்டும். அந்தக் கூடத்தைத் தனி ஆளாக அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவாள். அப்படி வந்த பெயர்தான் மூன்றாம் மாடிக்காரி.

எல்லாம் மூடினபோது அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது அலையில் நோய் அவளை நன்றாகவே பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். பிழைத்து வந்து, சுவரைப் பிடித்து நடக்கிற காலத்தில் கம்பெனியிலிருந்து போன். கால்வாசி மாணவர்களோடு திறக்கிறார்களாம். மூன்று நாளில் வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள்.

அவளால் கட்டிலை விட்டுக் கக்கூசுக்குப் போகவே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அப்போது அவள் கொழுந்தன் பெண்டாட்டி, அதே வீட்டில் அடுத்த அறையில் இருக்கிற ஓரகத்தி, ஆணியில் தொங்கின நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு முகமூடி, கழுத்தில் கார்டு. கண்ணாடி முன்னால் நின்று, "எப்படிக்கா இருக்கேன்?" என்று கேட்டாள்.

"என்னை மாதிரி இருக்கே. பாவம்" என்றாள் பெரியவள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. புது சூப்பர்வைசருக்கு முகம் தெரியாது. பழைய வாட்ச்மேன் நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய ஆட்களில் மிஞ்சிய, விஷயம் தெரிந்த இரண்டு பேர் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். அவர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள். மாணவர்கள் பாதியாக ஆனபோது பெரியவளும் பாதி ஆளாகத் தேறியிருந்தாள். திங்கள், புதன், வெள்ளி அவள். செவ்வாய், வியாழன், சனி சின்னவள். மாணவர்களும் அதே கணக்குத்தான்: ஒற்றை எண்காரர்கள் ஒரு நாள், இரட்டை எண்காரர்கள் மறுநாள். அதனால் பெரியவளைப் பார்த்தவன் சின்னவளைப் பார்த்ததில்லை, சின்னவளைப் பார்த்தவன் பெரியவளைப் பார்த்ததில்லை. நாற்காலிக்கு நாற்காலி இடம் விட்டுச் சிவப்பு டேப்பில் குறி ஒட்டியிருந்தார்கள். கணக்குத் துறை என்பதால் அதைப் பெருக்கல் குறி என்றுதான் சொன்னார்கள். செய்தது என்னவோ கழித்தல்.

இப்போது மிஷின் வருகிறது. அதற்கு ஒரு பெயருக்கு ஒரு முகம்தான். திங்கட்கிழமை எடுத்தால் பெரியவள் முகம், செவ்வாய்க்கிழமை எடுத்தால் சின்னவள் முகம். விடுபட்டவள் அந்த வாசலில் இனிமேல் நுழைய முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒரு தடவை தலை காட்டுவான். ஆறு வயதுப் பெண் பக்கத்தில் வெங்காயத் தோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"அப்ப யாரு மூஞ்சிக்கா?" என்றாள் சின்னவள், தலை நிமிராமல்.

"கார்டு யாருது?"

"உங்களுது."

"அப்புறம் என்ன கேள்வி?"

"கேட்டேன். கேட்டா வாய் சுளுக்கிக்குமா?" இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தாள். பிறகு, "மூணு மாடியும் தினம் ஏறிடுவீங்களா?" என்றாள்.

"திங்கள், புதன், வெள்ளி யாரு ஏறுறா? உன் மாமியாரா?"

"நம்ம மாமியார்க்கா. செத்துப் போனவங்களை ஏன் மாடி ஏத்துறீங்க?"

குழந்தை சிரித்தது. பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரித்தால் இருமல் வரும், இருமினால் சின்னவள் ஒரு பார்வை பார்ப்பாள்.

அவளுக்குச் சின்னவள் மேல் உள்ளுக்குள் ஒரு குமைச்சல் இருந்தது. வேலை நாலு மணியோடு முடிகிறது. பெரியவள் ஐந்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். சின்னவள் மட்டும் தன் நாளில் ஏழு மணிக்குத்தான் வருவாள். கேட்டால், "கொஞ்சம் லேட்டாயிடுச்சுக்கா" என்பாள். என்ன லேட்? அந்த வாய்க்கு நாலு பேர் அகப்பட்டால் போதும், பொழுது போவதே தெரியாது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டி நல்ல பெயர் வாங்குகிறாள், இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்கு ஆக்கிக்கொள்கிறாள் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள். சமையலறையைத் தவிர வேறு இடம் பார்க்காதவள் வெளியே போய் ருசி கண்டுவிட்டாள். கண்டவள் விடுவாளா?

தானும் விடப்போவதில்லை. நோய் போன உடம்பு தேறித்தான் விட்டது. மூன்றாம் மாடிக் கூடத்தை இப்போதும் அரை மணியில் முடிக்கிறாளே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

திங்கட்கிழமை காலை முகமூடி இல்லாமல் வாசலில் நுழைந்தபோது, ஏதோ துணி போட மறந்து வந்த மாதிரி கூசியது. கூச்சம் அவளுக்கு மட்டும் இல்லை. எல்லாரும் எல்லாருடைய மோவாயையும் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். கணக்கு மேடம் மாடிப்படியில் ஒரு பையனை நிறுத்தி, "யாருப்பா நீ, புதுசா?" என்று கேட்டார். "மேடம், ஒன்றரை வருஷமா உங்க கிளாஸ்தான்" என்றான் அவன். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் உனக்கு மீசை இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் ஏற ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை கூட்டம் பார்த்தவள்! ஆனாலும் இரண்டு வருஷ இடைவெளி அந்தச் சத்தத்தை மறக்கடித்திருந்தது. அறுநூறு செருப்பு ஒரே படிக்கட்டில். வாளியோடு சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை வரை ஒன்று விட்டு ஒன்று காலியாக இருந்த நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. இடம் கிடைக்காதவர்கள் படியில் உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்குக் கூடம் காலியானதும் உள்ளே போனாள். பேப்பர் கப், பிஸ்கெட் உறை, பேனா மூடி, ஒரு ஒற்றைச் செருப்பு. நாற்காலிக்கு அடியில் கழற்றிப் போட்ட முகமூடி, அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. டேப்பைப் பிய்த்த இடத்திலெல்லாம் பசையில் தூசி ஒட்டிக் கருப்புக் கருப்பாக நின்றது. பெருக்கி முடிக்கவே அரை மணி ஓடிவிட்டது. மூலையில் இருந்த பெரிய டிரம்மில் தண்ணீர் மொண்டு துடைத்தாள். பாதிக் கூடம் தாண்டுமுன் டிரம்மின் அடி தெரிந்தது.

இது ஒருநாளும் நடந்ததில்லை. திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து காலையில் அந்த டிரம் நிறைந்துதான் இருக்கும், பாதிக் கூட்டத்துக்கு அது போதும். குழாய்க்காரன் கீழேயிருந்து ஹோஸ் போட்டு நிரப்புகிறான், கம்பெனிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்திருந்தாள்.

வாளியை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். முதல் நடை எப்படியோ ஏறிவிட்டாள். இரண்டாவது நடையில் பாதிப் படியில் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. வாளியை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

மேலே கூடத்து வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இந்தக் கட்டடத்து அக்கா செம ஜாலி. 'கால எடு ராசாத்தி, இல்லேன்னா காலையும் சேத்துத் துடைச்சுடுவேன்'னு சொல்லுவாங்க."

"போடி, அவங்க வாயே திறக்க மாட்டாங்க. நாம காகிதம் போட்டா ஒரு முறை முறைப்பாங்க பாரு, அதோட சரி."

"நீ வேற யாரையோ சொல்றே."

"அதே நீலக் கோட்டு, அதே ஆளு. உனக்குத்தான் ஜாலி, எனக்கு கிலி."

இருவரும் படியிறங்கி வந்தார்கள். உட்கார்ந்திருந்தவளை விலகிக் கடந்தார்கள். முகமூடி இல்லாத அந்த முகம் இரண்டு பேருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பின்னாலேயே சாவிக் கொத்து குலுங்கியது. அறைகளைத் திறந்து பூட்டுகிற சாவிக்காரர். வேறு கட்டடத்திலிருந்து போன வருஷம் இங்கே மாற்றி அனுப்பப்பட்டவர். கோட்டையும் வாளியையும் பார்த்து நின்றார்.

"என்னம்மா தங்கச்சி, உட்கார்ந்துட்டே? மாஸ்க் இல்லாம உன்னைப் பாக்கிறதே இன்னைக்குத்தான். நான் இன்னும் சின்ன வயசுன்னு நெனச்சிருந்தேன்."

"எல்லாருக்கும் இன்னைக்கு அப்படித்தான்ண்ணே இருக்கு."

"ஓடி ஓடித் தண்ணி தூக்குவியே, இன்னைக்கு என்ன ஆச்சு?"

அவள் மூச்சு வாங்கியபடி, "நான் எப்பண்ணே தண்ணி தூக்கினேன்? குழாய்க்காரன்ல நிரப்புறான்" என்றாள்.

சாவிக்காரர் சிரித்துவிட்டார். "எந்தக் குழாய்க்காரன்? அவன் இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசம் ஆச்சு. நீதானேம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு மணி வரைக்கும் மேல கெடப்பே. கூடத்தைத் துடைச்சு, நாற்காலியெல்லாம் தட்டி, இருபது நடை தண்ணி தூக்கி அந்த டிரம்மை ரொப்பிட்டுத்தான் கீழ இறங்குவே. உனக்காக நான் பூட்டாம உட்கார்ந்திருப்பேன். 'போதும்மா'ன்னா, 'நாளைக்கு வர்றவளுக்குக் கஷ்டமா இருக்கும்ண்ணே'ன்னு சொல்லுவே. 'நாளைக்கு வர்றதும் நீதானேம்மா'ன்னு நான் கேலி பண்ணுவேனே, மறந்துட்டியா?"

அவள் வாளியின் பிடியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வேலை பாத்துப் பாத்து உனக்கு மறதி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, சாவிக்காரர் அவளுடைய வாளியைத் தூக்கி மேல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

படிக்கட்டில் கூட்டம் ஏறியது, இறங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. அரை மணியில் முடிக்கிறேன், அரை மணியில் முடிக்கிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! முந்தின நாளே ஒருத்தி துடைத்து வைத்த கூடத்தை, ஒருத்தி தூக்கி வைத்த தண்ணீரில் மறுபடி துடைத்துவிட்டு, உடம்பு தேறிவிட்டது என்று ஊரைக் கூட்டாத குறையாகப் பெருமை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லாமல் செய்து, என்னைப் பைத்தியக்காரி ஆக்கி... கோபமும் கொஞ்ச நேரம்தான். அதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

சின்னவள் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். வேண்டாம் என்று சண்டை போட்டிருப்பாள். தானே தூக்கியிருப்பாள். பாதிப் படியில் விழுந்திருப்பாள். அந்தக் குட்டி எல்லாவற்றையும் யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். மூடவே மூடாத வாய்.

மத்தியானம் இரண்டு வகுப்பு நடந்தது. இடையில் கிடைத்த இருபது நிமிஷத்தில் கூடத்தின் முன்வரிசைகளை மட்டும் துடைத்தாள். கணக்கு மேடம் பின்வரிசைக் குப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பரவாயில்லம்மா, இன்னைக்கு எல்லாருக்குமே பழக்கம் விட்டுப் போச்சு. எனக்கே தொண்டை கட்டிடுச்சு. ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர்கிட்ட மெதுவாப் பேசிப் பேசி" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் பழக்கம் விட்டுப்போனது திரும்பி வரும். இவளுக்குப் போனது வராது. அது அவளுக்கு இன்று காலை வரை தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது.

மூன்றரை மணிக்குப் போட்டோவுக்குப் போனாள். கொட்டகைப் பக்கம் வெள்ளைச் சுவர் முன்னால் ஹலோ போனை நீட்டிக்கொண்டு நின்றான். வரிசையில் மூன்றே பேர். முன்னால் நின்றவள் தலைமுடியை ஒதுக்கி, உதட்டை நாக்கால் தடவி, முகத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவருவதற்குள் அவன் எடுத்து முடித்துவிட்டான்.

"ஹலோ, அடுத்தது யாரு? மூணாம் மாடியா? வாங்க. இன்னைக்கு யாரு எவருன்னே புரியல. எல்லாரும் புது ஆளு மாதிரியே இருக்கீங்க. சுவத்துல ஒட்டி நில்லுங்க. நேராப் பாருங்க."

நின்றாள். சுவர் வெயிலில் காய்ந்து முதுகுக்கு இதமாக இருந்தது. இப்போது அசையாமல் நின்றால் போதும். பன்னிரண்டு வருஷம் இன்னும் நாலைந்து வருஷம் நீளும். காலையில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். வீட்டில் இன்னொருத்தி சமைத்து வைப்பாள். தன் இடம் தன்னிடம் இருக்கும். ஆனால் அந்தக் கூடம்? மிஷின் வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிடையாது. முந்தின நாள் வந்து நிரப்பி வைக்கிறவளுக்கு வாசல் திறக்காது. ஒரு வாரம் தாங்குவாள். மிஞ்சினால் பத்து நாள். பதினோராம் நாள் ஹலோ வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வருவான். அப்போது இரண்டு பேருக்கும் இல்லை.

"ஹலோ, கண்ண மூடாதீங்க."

"நாளைக்கு எடுத்துக்கறேன் தம்பி."

அவன் போனைக் கீழே இறக்கினான். "ஏன்? என்ன ஆச்சு?"

"இன்னைக்கு மூஞ்சி நல்லா இல்ல."

"ஐயே, இது என்ன சினிமாவா? மிஷின் பாக்கிறதுக்கு."

"மிஷினா இருந்தா என்ன? தினம் பாக்கப்போவுதுல்ல? நாளைக்கு நல்லா இருக்கும்."

"நாளைக்கு நாலு மணிதான் கடைசி. அப்புறம் வந்து கண்ணக் கசக்கினா நான் பொறுப்பில்ல."

"நாளைக்கு வர்றவ காலையிலயே வந்து நிப்பா" என்றாள். அவன் கேட்டிருப்பானோ என்று ஒரு கணம் திக்கென்றது. அவன் ஏற்கெனவே வேறு யாருக்கோ ஹலோ சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்கு நாற்பது முகம் பார்த்தவன். ஒன்றையாவது பார்த்தானா என்பது சந்தேகம்.

மறுபடி மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள். பின்வரிசைகளைப் பெருக்கினாள். டிரம்மில் நாளைக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்கலாமா என்று பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. சாவிக்காரர் இன்றைக்குச் சீக்கிரம் பூட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் இருட்டவில்லை. சின்னவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போட்டோ எடுத்தாச்சாக்கா? வரிசை ரொம்ப நீளமோ?"

"மூணே பேர்தான்." கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். கார்டும் அதோடு கூடவே போயிற்று. "துவைச்சுப் போடு, காலையில காஞ்சிடும். தலையை ஒழுங்கா வாரிக்கிட்டுப் போ. அவன் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள எடுத்துடறான்."

சின்னவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வேண்டாம்க்கா. நான் ஒரு வார்த்தை கேட்டதுக்காகப் பண்றீங்களா? உங்க இடத்தை நான் பறிச்சேன்னு நாளைக்கு ஊரு சொல்லும்."

"ஊருக்கு வேற வேலை இல்ல. இருபது நடை தண்ணி தூக்கினியாமே?"

"யாரு சொன்னா?"

"நீ தூக்கினதை என்கிட்டயே வந்து சொன்னார் சாவிக்காரர். நான்தான் தூக்கினேன்னு நெனச்சு, மறதி வந்துடுச்சுன்னு என்னையே திட்டிட்டுப் போனார்."

சின்னவள் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். திரும்பி அடுப்படிக்குள் போனவள், அடுப்பில் எதுவும் இல்லாமலே கரண்டியை எடுத்து எடுத்து வைத்தாள்.

"அங்க என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. யாரையோ கூப்பிடுறாங்கன்னு நிக்காதே, திரும்பிப் பாரு" என்றாள் பெரியவள், கட்டிலில் சாய்ந்துகொண்டே. "சாவிக்காரரும் கணக்கு மேடமும் என் மூஞ்சியப் பாத்துட்டாங்க. ஏதாவது கேட்டா சமாளிச்சுக்கோ, உனக்குத்தான் வாய் இருக்கே. அப்புறம், டிரம் காலியா கெடக்கு. என்னால முடியல."

"விடுங்கக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது தும்மலா அழுகையா என்று அவள் ஆராயப் போகவில்லை.

குழந்தை வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. "பெரியம்மா, நாளைக்கு உனக்கு லீவா?"

"ஆமா."

"நாளைக்கழிச்சு?"

"அன்னைக்கும்தான்."

"அதுக்கு அடுத்த நாளு?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த கேள்விக்கும் அவளிடம் அதே பதில்தான் இருந்தது. தூங்கிவிட்டதாக நினைத்து, குழந்தை நுனிக்காலில் நடந்து வெளியே போயிற்று.